மூன்றாவது கால்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே பிடிபடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அதுவரை சொல்லிக்கொடுத்த எழுத்துகளை வைத்துத்தான் இதை ஒப்பேற்றுகிறேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம். டைப் அடிக்கிறவர் திருத்திக்கொண்டால் அவருக்கு நன்றி. வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். என் வாய் கையை விட மோசம். நாலு பேர் எதிரில் யாராவது என் பேரைக் கேட்டாலே முதுகு வேர்த்துவிடும்.

நான் எழுதப்போவது ஓர் அக்காவைப் பற்றி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாவது வந்து, "உன்ன யார்ரா எழுதச் சொன்னது?" என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் 'டிரம்ஸ் அக்கா' என்றால் தெரியும். கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஒரு ட்ரூப்பில் டிரம்ஸ் வாசித்தார். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் குடிசைகளை எடுத்த பிறகு ஊருக்கு வெளியே எங்கேயோ மாடி வீடு கொடுத்தார்கள். அங்கே போனவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. ட்ரூப்பில் அவர் உட்கார்ந்த ஸ்டூல் ஒரு ஆடி மாதத்தில் என்னால் பறிபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அக்கா எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் அது விளங்காது.

நான் மயிலாப்பூரில் ஒரு பாய் நடத்தும் நிக்கல் பாலிஷ் கடையில் பஃப் அடிக்கிறவன். வேகமாகச் சுற்றும் துணிச் சக்கரத்தில் துருப்பிடித்த சாமானை அழுத்தித் தேய்த்து, மூஞ்சி தெரிகிற மாதிரி ஆக்குவது என் வேலை. அதன் பிறகு பாய் அதை மருந்துத் தொட்டியில் முக்கி நிக்கல் ஏற்றுவார். குத்துவிளக்கு, மோட்டார் சைக்கிள் சைலன்சர், கட்டில் கால் எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். தேய்மானத்தை மறைப்பது எங்கள் பிழைப்பு. அக்காவுக்கோ தேய்மானத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு பங்குனித் திருவிழாவில். மாட வீதி முழுக்க ஜனம். பூக்காரம்மா ஒருவர் தன் கூடைக்குப் பக்கத்தில் செருப்புகளை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு வியாபாரம் வைத்திருந்தார். கூட்டம் நெருக்கியதில் செருப்புக் குவியல் சரிந்து, மிதிபட்டு, தெருவுக்குப் பரவிவிட்டது. சாமி பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் வெறுங்காலோடு கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அக்கா நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தக் குவியலில் அவர் செருப்பு கிடையாது. ஒற்றை ஒற்றையாகக் கிடந்ததைப் பார்த்து அவரால் தாண்டிப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

"நைனா, நீ நாலு அடி நட" என்றார் முதலில் நின்றவரிடம்.

"எதுக்கு?"

"செருப்பு வேணுமா, வேணாவா?"

அவர் நடந்தார்.

"வலது குதிகால வெளிய தள்ளினு நடக்குற. இந்தா, இது உன்னுது. இதுக்கு ஜோடிய அதோ அந்தப் பெரிசு மாட்டிக்கினு போவுது. ஓடிப் புடி."

வெள்ளை வேட்டி மாமா ஒருவர் தனக்குக் கொடுத்த ஜோடியைத் தொடவே மாட்டேன் என்றார். "இது என்னோடது இல்லைம்மா. என்னோடது புதுசு."

"நீ புதுசுன்ற மாமா. உன் கட்டைவிரலு அத்த ஒத்துக்கல. போட்டுத்தான் பாரேன்."

மாமா போட்டுப் பார்த்தார். காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். "என்னோடதுதான் போலருக்கு. ஆத்துல புதுசு புதுசுன்னு சொல்லிண்டிருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நான் ஓரமாக நின்றேன். கேட்க வாய் வரவில்லை. அக்கா என் காலை ஒரு தடவை பார்த்தார். "நீ நடக்க வேணாம். தரைக்கு வலிக்குமோன்னு நடக்குற ஆளு நீ. ரெண்டும் தேயவே தேயாது. தோ கீது பார்."

சரியாக என்னுடையதுதான்.

அக்காவின் புத்தியே அப்படி. இரண்டு சாமான் தனித்தனியாகக் கிடந்தால் அது இதில் சேருமா என்று பார்க்காமல் இருக்க மாட்டார். எங்கள் கடைக்கு வந்தால் பேசிக்கொண்டே யார் வீட்டுப் பாத்திரமோ ஒன்றை எடுத்து, யார் வீட்டு மூடியோ ஒன்றைப் பொருத்திவிட்டுப் போவார். பாய் தலையில் அடித்துக்கொள்வார். "அம்மா, அது தி.நகர் பார்ட்டி குண்டான். இது மந்தைவெளி மூடி!" என்பார். "குண்டானுக்கு ஏரியா தெரியுமா பாய்? எப்புடி உக்காந்துச்சு பாரு" என்பார் அக்கா. ஒரு தடவை இரண்டு வீட்டுக்காரர்களும் மாற்றி வாங்கிப் போய், திருப்பிக் கொடுக்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள்.

டிரம்ஸும் அவருக்கு இப்படித்தான் வந்தது. அடையாறில் ஒரு பழைய வீட்டில், தனியாக இருந்த வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்தப் பெரியவர் வாலிபத்தில் ஹோட்டல்களில் டிரம்ஸ் வாசித்தவராம். அவர் போன பிறகு வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட வந்தார்கள். பரணில் இருந்து பெரியதும் சின்னதுமாக நாலு மர உருளைகளும், ஒரு கோணிப்பை நிறைய இரும்பும் இறங்கின. காயலான் கடைக்குப் போக இருந்ததை, "நான் எடுத்துக்குறேன்" என்று கேட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதுவரை அக்கா டிரம்ஸைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

பையில் இருந்தது ஒரு செட் இல்லை. இரண்டு பழைய செட்டுகளின் எலும்பு. ஒன்று லண்டன், ஒன்று அமெரிக்கா. எது எது என்று யாருக்கும் தெரியாது. நீள போல்ட், குட்டை போல்ட், கொக்கி, வளையம், ஸ்பிரிங், வளைந்த கால், எதற்கென்றே தெரியாத ஒரு நெம்புகோல் எல்லாம் கலந்து கிடந்தன. அக்கா இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். குடிசையில் இருந்தவர்கள் அதற்குள் ஆளுக்கொன்றை எடுத்துப் புழங்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு போல்ட் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் ஆனது. வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கொக்கி, பெரிய டிரம்மின் வளையத்தை இழுத்துப் பிடிக்கிற கொக்கி. அதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சட்டை தரைக்கு வந்தது. கொஞ்ச நாளில் வீட்டுக்காரரும் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அக்கா சாதிப்பார். "அந்தாளு முன்னாடியே லூஸு. நானும் எவ்வளவோ முறுக்கிப் பாத்தேன், நிக்கல" என்பார்.

பாகங்களைப் புரிந்துகொள்ள தி.நகரில் ஒரு வாத்தியக் கடைக்குப் போய், கண்ணாடிக்குள் இருந்த புது டிரம்ஸை அரைமணி நேரம் பார்த்தாராம். கடைப் பையன் வந்து, "வாங்குறதுன்னா பாருங்க" என்றான்.

"பொண்ணு பாக்கப் போனா அங்கியே தாலி கட்டிட்டா வருவ?"

பையிலிருந்து அந்த நெம்புகோலை எடுத்து அவனிடம் காட்டியிருக்கிறார். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டிரம்ஸ் சாமானே இல்லம்மா, சைக்கிள் சாமான்" என்றான். அக்கா அங்கிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் வழியில் இருந்த சைக்கிள் கடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். மறுநாள் அந்தப் பையனிடமே திரும்பிப் போனார். "எல்லா சைக்கிள் கடையிலயும் கேட்டுட்டேன். ஒருத்தனும் எங்களுதுன்னு சொல்லல. அப்போ டிரம்ஸுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அது சின்ன டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகளை ஏற்றி இறக்குகிற பாகம். அந்த டிரம்மை ஸ்னேர் என்பார்கள். அதைச் சரியான இடத்தில் மாட்டி, நெம்பி, விரலால் தட்டினதும் அது 'சர்' என்று சிலிர்த்ததாம். குடிசையில் எல்லோரும் பயந்துவிட்டார்கள்.

முழுசாகச் சேர்த்து நிறுத்திய பிறகுதான் வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஏன் அக்கா என்று பாய் கேட்டதற்கு, "இவ்ளோ பாடுபட்டு நிக்க வெச்சேன். அடிக்காம வுட்டா அதுக்கு அசிங்கம் இல்ல?" என்றார். வாசிப்பு பிரமாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அவரே சொல்ல மாட்டார். ஆனால் தப்பாக அடித்தாலும் தைரியமாக அடிப்பார். பொம்பளை டிரம்ஸ் வாசிக்கிறது என்று கூட்டம் நின்று பார்த்தது. ட்ரூப்காரர் அதற்காகவே சேர்த்துக்கொண்டார்.

என்னையும் ஒரு தடவை அவர் எங்கேயாவது பொருத்திப் பார்க்காமல் விடவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பாய் உளறிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அடையாறு டெப்போ பக்கத்தில், கேன்டீனில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணை வரச் சொல்லி, என்னையும் கூட்டிப்போனார். மூன்று பேரும் டீ குடித்தோம். நான் டீயைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி வரும்போது அக்கா பஸ் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டே வந்தார். இறங்குகிற சமயத்தில், "உம்மேல தப்பு இல்ல. மரை ஒத்துக்கல" என்றார். மரை என்றால் போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம். அது ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் உள்ளே இறங்கும்.

அந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா கோணிப்பையோடு கடைக்கு வந்தார். வழக்கமாகக் கடைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவர் குரல் நுழைந்துவிடும். அன்றைக்குப் பையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பாய், இது எல்லாத்துக்கும் நிக்கல் போடணும். வெள்ளிக்கிழமை கச்சேரி."

"இன்னாம்மா திடீர்னு? நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?"

"ட்ரூப்காரன் சொல்லிட்டான். இப்பல்லாம் வீடியோ எடுக்குறாங்களாம், ஃபோன்ல எல்லாம் போடுறாங்களாம். என் டிரம்ஸு காயலான் கடை மாதிரி கீதாம். வெள்ளிக்கிழமை பளபளன்னு வரலன்னா ரிதம் பேட் வாசிக்கிறவன் உக்காருவானாம். ஒரு பொட்டி, ரெண்டு குச்சி. இன்னா பெரிய வாசிப்பு? கால்குலேட்டர தட்டுற மாதிரி."

"போனா போவுது வுடேன். வேற ட்ரூப்பா இல்ல?"

அக்கா பாயை முறைத்தார். "பாய், வேளச்சேரில மால்ல நாள் பூரா கூட்டிப் பெருக்குறேன். அங்க ஒக்காந்தா சூப்பர்வைசர் கத்துவான். வூட்டுல ஒக்காந்தா தண்ணி லாரி வந்துடும். நான் ஒக்கார்ந்து நாலு பேரு பாக்குற எடம் அந்த ஸ்டூலு ஒண்ணுதான். அத்த அந்தப் பொட்டிக்காரனுக்குத் தர மாட்டேன்."

பாய் பையை என்னிடம் தள்ளினார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் பேசியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மற்றவர்கள் சாமானுக்கு நாலு தேய்ப்பு என்றால் இதற்குப் பத்து தேய்த்தேன். ஏன் என்று பாய் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு பாகத்திலும் ஏதாவது ஒரு மூலையில் கீறல் இருந்தது. சிலதில் ஒரு கோடு, சிலதில் இரண்டு, சிலதில் பெருக்கல் குறி மாதிரி. யாரோ ஆணியால் அசிங்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒன்று விடாமல் வழித்து எடுத்தேன். பிறகு எங்கள் தொழில் வழக்கப்படி நீளம் நீளத்தோடு, குட்டை குட்டையோடு செம்புக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். அப்போதுதான் தொட்டியில் கரண்ட் சமமாக ஏறும். புதன்கிழமை மாலை எல்லாம் வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் நான் செய்த மிக நல்ல வேலை அது. ஒரு போல்ட்டின் தலையில் என் மூக்கில் இருந்த மச்சம் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் அக்கா வந்தார். விரித்து வைத்திருந்த துணிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பாகத்தை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

"இதுல கோடு போட்டிருந்தேனே. எங்க?"

பாய்க்குப் புரியவில்லை. "எந்தக் கோடு? பாரும்மா, மூஞ்சி பாத்து பவுடர் போடலாம். நம்ம தம்பி வேலை."

"ஒரு கோடு லண்டன். ரெண்டு கோடு அமெரிக்கா. பெருக்கல் போட்டது ஸ்னேரு. ரெண்டு வருஷம் பாய்! ஒவ்வொண்ணுத்தையும் எது எதுலன்னு கண்டுபுடிச்சு, மறந்துடுவேன்னு ஆணில கீறி வெச்சேன். இவன் இன்னாடா எல்லாத்தையும் பொறந்த புள்ள மாதிரி துடைச்சு வெச்சிருக்கான்!"

கடையில் துணிச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.

அக்கா என்னைத் திட்டினார். அந்த வார்த்தைகளை எழுதினால் டைப் அடிக்கிறவர் நிறுத்திவிடுவார். என்னைத் திட்டி முடித்து, பாயைத் திட்டி, லண்டன்காரனைத் திட்டி, பரணில் சாமானைக் கலந்து போட்ட பெரியவரை, செத்தவர் என்றுகூடப் பார்க்காமல் திட்டினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினார். "மால்ல ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வரேன். டிரம்ஸு கட்டையெல்லாம் இங்கியே எடுத்தாந்துடுறேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு மேடையேறணும். நீ எங்கியும் நகராத" என்றார். கடைசி வாக்கியம் எனக்கு.

அரை மணி நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெரிய டிரம்மின் மர உருளை சீட்டில் உட்கார்ந்திருந்தது. அக்கா டிரைவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தார். உருளைகளைக் கடை வாசலில் வரிசையாக வைத்தார்.

முதலில் போல்ட்டுகள். எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. அக்கா ஒன்றை எடுத்து, ஒரு பாகத்தின் மரையில் இரண்டு விரலால் மட்டும் சுற்றினார். நாலு சுற்று வழுவழுவென்று இறங்கினால் வலது பக்கக் குவியல். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் இடது பக்கக் குவியல். "மரைக்குள்ள இவன் சக்கரம் போவல. அது ஒண்ணுதான் தப்பிச்சுது" என்றார். லண்டனும் அமெரிக்காவும் மதியத்துக்குள் பிரிந்தன. "ரெண்டு நாட்டையும் ஒரே பையில போட்டா இன்னா ஆவும்?" என்றார் பாய், பிரியாணியைப் பிரித்துக்கொண்டே. தன் பங்கில் பாதியை அக்காவுக்கு வைத்தார்.

அடுத்தது மரத்தில் பதிக்கிற பாகங்கள். இங்கே அக்காவுக்கு ஒரு வழி கிடைத்தது. மர உருளைகளில் ஒவ்வொரு பாகமும் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் மரம் வெயில் படாமல் வேறு நிறத்தில் இருந்தது. பாகத்தின் ஓரம் அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம்கூட விழுந்திருந்தது. "பாரு, இதுங்க ஒண்ணையும் மறக்கல" என்று ஒவ்வொன்றாக அந்த நிழலில் வைத்துப் பார்த்தார். ஒரு அரிசி கனம் வித்தியாசம் இருந்தாலும் எடுத்துவிடுவார். நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் வைத்தார், சரியில்லை என்றால் என் மேலேயே எறிந்தார். வியாழன் முடிவதற்குள் பெரிய டிரம் நின்றுவிட்டது. மூன்று காலில் தரையில் நிற்கிற டிரம்மும், அதற்கு மேலே மாட்டுகிற சின்னதும் வெள்ளி காலையில் நின்றன.

ஸ்னேர்தான் பாக்கி. அதில் சுற்றிலும் எட்டுப் பாகம். மரத்தின் நிழல் எட்டும் ஒரே அளவு. ஆனால் ஆணித் துளைகள் ஒவ்வொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம். பழைய காலத்தில் கையால் துளைத்தது. தப்பான இடத்தில் வைத்தால் ஆணி இறங்காது. மணி பன்னிரண்டு. அக்கா ஒன்றை வைத்தார், எடுத்தார், இன்னொன்றை வைத்தார், எடுத்தார். ஒன்று தவறிச் சாக்கடைப் பக்கம் உருண்டது. அதை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"இந்நேரம் பொட்டிக்காரன் குளிச்சு பவுடர் போட்டுக்கினு இருப்பான்" என்றார்.

நான் போய் அதை எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது கட்டைவிரலுக்கு ஒரு குழி தட்டுப்பட்டது. எனக்கு அந்தக் குழி தெரியும். எவ்வளவு தேய்த்தும் போகாமல் என்னை அழவைத்த குழி. இது மாதிரி மூன்று பாகத்தில் இருந்தது. இரண்டில் கொஞ்சமாக. மீதியில் இல்லவே இல்லை. எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. சொல்லாவிட்டால் இன்னும் வேர்க்கும் போல இருந்தது.

"அக்கா."

"இன்னா?"

"இந்த மூணுல குழி ஆழம். துரு உள்ள வரைக்கும் தின்னுருந்துச்சு. வேர்வை பட்டாத்தான் அப்படித் தின்னும். வாசிக்கிறவங்க வயித்துப் பக்கம், அந்த நெம்புகோல் மாட்டுற பக்கம் இருந்ததா இருக்கும். இந்த ரெண்டும் அதுக்கு ரெண்டு பக்கத்துல. மிச்சம் மூணும் அந்தாண்ட."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பாய்! உன் மிஷினு பேசுது!" என்று கத்தினார்.

எட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுவதற்குப் பதிலாக மூன்று, இரண்டு, மூன்று என்று தேடினோம். ஆணிகள் இறங்க ஆரம்பித்தன. இரண்டரை மணிக்கு அக்கா நெம்புகோலை ஏற்றிவிட்டு ஸ்னேரை ஒரு தட்டுத் தட்டினார். எதிர்வீட்டு நாய் எழுந்து போனது.

கச்சேரி பக்கத்துத் தெரு அம்மன் கோயில் வாசலில். பாய் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டேன். மேடையில் விளக்கு போட்டதும் அக்காவின் டிரம்ஸ் முழுசாக எரிந்தது. கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் வைத்த டம்ளரோடு பார்த்தார்கள். ரிதம் பேட் வாசிக்கிறவர் மேடை ஓரத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உறையைப் பாதி பிரித்த நிலையில் காத்திருந்தார்.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டு நடுவில், தரையில் நிற்கும் டிரம் ஒரு பக்கமாக இறங்க ஆரம்பித்தது. அக்கா அதை வலது முட்டியால் தாங்கிப் பிடித்தார். வலது கால்தான் பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கிற கால். முட்டி அங்கே போனதும் மிதி பிசகியது. பாட்டின் அடியில் இருந்த 'தும்' நின்றுபோனது. பாடுகிறவர் திரும்பிப் பார்த்தார். ட்ரூப்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு பேட்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். உறை முழுசாகப் பிரிந்தது.

பாகம் ஒன்றும் மாறவில்லை. நழுவிய மூன்றாவது கால் அந்த டிரம்மின் சொந்தக் கால்தான். பிடிக்கிற திருகு நழுவாமல் இருக்க அந்தக் காலின் மேல்பாதி சொரசொரப்பாக இருந்தது. அதையும் துரு என்று நினைத்து நான்தான் கண்ணாடி ஆக்கியிருந்தேன். மற்ற இரண்டு காலிலும் சொரசொரப்பு ஆழம், என் சக்கரத்துக்கு அடங்காமல் தப்பித்திருந்தது.

பாட்டு எப்படியோ முடிந்தது. பேட்காரர் எழுந்து ஸ்டூலுக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றார். அக்கா முட்டியை எடுக்காமலேயே எட்டிப் பாடகர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஏ பாலிஷு! எங்க கீற? ஜெனரேட்டர் பின்னால பதுங்காத, தலை தெரியுது. மேல வா!"

மொத்தத் தெருவும் திரும்பியது. எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பாய் என் முதுகில் கை வைத்து, "போடா, உன்னத்தான்" என்று தள்ளினார். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மேடையில் நின்றபோது என் சட்டையில் மேல் பட்டன் இல்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஒக்காரு. இந்தக் கால ரெண்டு கையாலயும் புடி. எறங்குச்சுன்னு வெச்சுக்க, உன்ன மடிச்சு அடில சொருகிடுவேன்."

உட்கார்ந்தேன். பிடித்தேன். அக்கா முட்டியை எடுத்துப் பெடலில் காலை வைத்தார். பேட்காரரைப் பார்த்து, "இன்னா நைனா, ஒண்ணுக்குப் போவணுமா? வழி அந்தாண்ட கீது" என்றார், மைக்கில். தெருவே சிரித்தது. அவர் போய்விட்டார்.

மீதிப் பாட்டு முழுவதும் டிரம்முக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு அடியும் முழங்கை வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. நான் பார்த்ததெல்லாம் அக்காவின் வெறும் பாதம் பெடலை மிதித்ததும், வளையத்தில் தலைகீழாகத் தெரிந்த கூட்டமும்தான். தலைகீழாகப் பார்த்தால் கூட்டம் அவ்வளவு பயமாக இல்லை.

முடிந்ததும் ட்ரூப்காரர் வந்தார். டிரம்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவிடம், "வீடியோல நல்லா வந்திருக்கு. அடுத்த வெள்ளியும் வந்துடு. அந்த ஆளையும் கூட்டினு வா" என்றார்.

அந்த ஆடி மாதத்தில் மீதி இருந்த கச்சேரிகள் எல்லாவற்றிலும் நான் ஒரு டிரம்முக்குக் காலாக இருந்தேன். டீக்கடையில் என்னை ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிட்டார்கள். பாய் சாயங்காலம் நாலு மணிக்கே, "கிளம்புடா, கச்சேரி கீதுல்ல?" என்று விரட்டுவார்.

ஒரு அரத்தை எடுத்து அந்தக் காலில் குறுக்காக நாலு இழுப்பு இழுத்திருந்தால் போதும். மறுபடி சொரசொரப்பு வந்து, யாரும் பிடிக்காமலேயே நின்றிருக்கும். இரண்டு நிமிஷ வேலை. கடையில் என் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று அரம் தொங்கியது. எனக்கு முதல் நாளே தெரியும். செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிற அக்காவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஒவ்வொரு வெள்ளியும் மேடையில், "புடிடா" என்பார். பிடித்துக்கொள்வேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லாததை எழுதி முடித்தது ஆனி மாதம் இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.